‘பேன்சி’ என்றால் என்ன பொருள்?

தயிர்சாதத்தின் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் யாழினி துப்பிவிட்டாள்.

அடம் என்றுதான் நினைத்தேன். மூன்றரை வயது. காலையில் தின்ற பிஸ்கட்டுக்குப் பிறகு சோறு பிடிக்காமல் போவது புதிதில்லை. இரண்டாவது கவளத்தைச் சின்னதாக உருட்டி, காக்காவுக்கு ஒன்று, பூனைக்கு ஒன்று என்று கதை சொல்லி நீட்டினேன். வாயைத் திறக்கவில்லை. உதட்டோரத்தில் எச்சில் நூலாக இறங்கி, தாடையில் தொங்கி, கவுனில் விழுந்தது. முந்தானையால் துடைத்தேன். மறுபடியும் இறங்கியது. குழந்தை எச்சிலைக்கூட விழுங்கவில்லை என்பது சற்றுக் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

“என்னடி செல்லம், என்னத்த முழுங்குன?”

அவள் தொண்டையைக் கையால் தொட்டுக் காட்டினாள். “பேன்சி” என்றாள்.

இந்தத் தொடரில் இதுவரை ஆவடி குவார்ட்டர்ஸில் நான் வளர்ந்த நாட்களைத்தான் சொல்லிவந்தேன். குழாயடிச் சண்டைகளைப் படித்துச் சிரித்ததாகப் பலர் எழுதியிருந்தீர்கள். இந்த வாரம் சிரிக்கவைக்க என்னால் ஆகாது. இது நடந்து அதிக வருடங்கள் ஆகவில்லை. 

பாயில் கிடந்தது

திருவேற்காடு கோயிலுக்குப் போகும் தெரு ஒன்றில் எனக்குச் சின்னதாக ஒரு பேன்சி ஸ்டோர். வளையல், பொட்டு, கம்மல், ரிப்பன், ஹேர்பின், மணிமாலை என்று மூன்று பக்கச் சுவரும் தெரியாமல் தொங்கும். நடுவில் நானும் ஒரு ஸ்டூலும் கல்லாப்பெட்டியும். என் வீட்டுக்காரர் குமார், பூந்தமல்லிக்கும் கோயம்பேட்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

யாழினி குமாரின் தங்கை செல்வியின் மகள். செல்வி அம்பத்தூரில் ஒரு துணிக் கம்பெனியில் தையல் வேலைக்குப் போகிறவள். அவள் புருஷன் லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் எந்த ஊரில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. பால்வாடி இல்லாத நாட்களில் செல்வி நூம்பலிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து என் கடையில் விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. யாழினி வரும் நாள் எனக்கு வேறு மாதிரியான நாள்.

அன்று வெள்ளிக்கிழமை, கோயில் கூட்டம். முந்தின நாள்தான் புதுச் சரக்கு வந்திருந்தது. அதில் பட்டாம்பூச்சி கிளிப் ஒரு அட்டை. வயிற்றில் அழுத்தினால் இரண்டு இறக்கையிலும் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னும். ஒன்றைப் பிரித்து நானே யாழினியின் முடியில் மாட்டிவிட்டேன். அவள் கண்ணாடி முன்னால் போய், தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி, மின்னுவது தெரியவில்லையே என்று தேடினாள். கையில் எடுத்தால்தானே தெரியும். எடுத்துக்கொண்டாள்.

கல்லாவுக்குப் பின்னால் பாய் விரித்து உட்காரவைத்திருந்தேன். ஒரு பொட்டலம் மணியும் பிரிந்து கிடந்தது. அதைக் கோக்கிறேன் என்று அவள் கேட்டதால் கொடுத்தது. ஒரு பெண் தன் மகளின் சடங்குக்கு வளையல் பார்த்துக்கொண்டிருந்தாள். டஜன் டஜனாகப் பிரித்து அளவு பார்த்ததில் எனக்கு எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. அவள் போனபிறகுதான் தயிர்சாத டப்பாவைத் திறந்தேன்.

“பேன்சி” என்று யாழினி சொன்னதும் பாயைப் பார்த்தேன். மணிகள் சிதறிக் கிடந்தன. பக்கத்தில் பட்டாம்பூச்சி கவிழ்ந்து கிடந்தது. எடுத்து அழுத்தினேன். மின்னவில்லை. திருப்பினால், வயிற்றுப் பக்கத்து மூடியைக் காணோம். உள்ளே காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்க வேண்டிய வட்டக் குழி, வெறுமையாக.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் எழுதக் கூச்சமாக இருக்கிறது. கிளிப்பைக் கல்லாப்பெட்டிக்குள் போட்டு மூடினேன். பேட்டரியைத் தேடிப் பாயை உதறவில்லை. ஸ்டூலுக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. தேடிக் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் தேடவே இல்லை. இத்தனை மணி கிடக்கிறதே, மணியைத்தான் முழுங்கியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குமாருக்குப் போன் போட்டேன்.

“பாப்பா ஏதோ பேன்சி ஐட்டம் முழுங்கிட்டா. மணியா இருக்கும். சீக்கிரம் வா” என்றேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்

இங்கே இந்த வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு வீடு வேறு ஊர். அப்பா ஃபாக்டரியில் ஃபிட்டர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கீழ்வீட்டுக்காரர்கள் வேலூர். எதிர்வீடு கோயம்புத்தூர். காதில் போடுவது ஒரு வீட்டில் தோடு, இன்னொரு வீட்டில் கம்மல். கழுத்தில் போடுவதை அம்மா பாசி என்பாள். அதைக் கேட்டு வேலூர் அக்கா, குளத்தில் இருக்கிற பாசியையா கழுத்தில் போடுவீர்கள் என்று சிரிப்பாள். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிடும்.

பிறகு ஆவடி மார்க்கெட்டில் பேன்சி ஸ்டோர்கள் வந்தன. பேன்சி என்றதும் யாருக்கும் சண்டையில்லை. எந்த ஊர்க்காரிக்கும் அது சொந்த வார்த்தை இல்லை என்பதால் எல்லாருக்கும் பொதுவாகிப்போனது. “மார்க்கெட்டுக்குப் போயி பேன்சி வாங்கிட்டு வரலாமா?” என்று நாலு வீட்டுப் பெண்களும் சேர்ந்து கிளம்பினார்கள்.

அதற்குள் எதை வேண்டுமானாலும் போடலாம். பேன்சி பனியன் உண்டு. வண்டிக்குப் பேன்சி நம்பர் உண்டு. தீபாவளிக்கு வானத்தில் போய் விரிவது பேன்சி பட்டாசு. பள்ளிக்கூடத்தில் பேன்சி டிரஸ். கொஞ்சம் புதுசாகப் பிள்ளைக்குப் பெயர் வைத்தால் பேன்சிப் பெயர். என் அப்பா வாயில் மட்டும் அது வசவு. நாற்காலி ஆடினால், குடைக் கம்பி வளைந்தால், “எல்லாம் பேன்சி” என்று ஓரமாக வைத்துவிடுவார். பார்க்க நன்றாக இருக்கும், தாங்காது என்று அர்த்தம்.

கடை வைத்தபிறகு எனக்கு இன்னொரு அர்த்தமும் தெரிந்தது. வருகிறவர்கள் பொருளின் பெயர் சொல்லிக் கேட்பது குறைவு. “பேன்சியா எதுனா இருக்கா அக்கா?” என்பார்கள். கைக்கா, காதுக்கா, தலைக்கா என்று நான்தான் கேட்டுப் பிரிக்க வேண்டும். சொந்தமாகப் பெயரில்லாத சின்னச் சின்ன மினுக்குகள் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் போய் விழுந்துவிடும். அதில் எது கண்ணாடி, எது ஈயம், எது பிளாஸ்டிக், எதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

கத்தி, கத்திரிக்கோல், பினாயில், மாத்திரை என்றால் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் தூக்கி வைக்கிறோம். பேன்சி என்றால் அழுகிற பிள்ளையின் கையில் நாமே கொடுக்கிறோம். ஆபத்தில்லாதது என்று யாரும் சொல்லித் தராமலே நாமாக அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் வைத்துக்கொண்டோம். அன்று அந்தப் பொருளுக்குப் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டேன்.

பெஞ்சில்

குமார் வண்டியில் இருந்தவர்களை வழியிலேயே இறக்கிவிட்டு வந்து சேர்ந்தார். பக்கத்துத் தெருவில் பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டரம்மா கிளினிக். யாழினியை என் மடியில் வைத்துக்கொண்டேன். அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. தலையை முன்னால் சாய்த்து, வாயைத் திறந்தபடி, எச்சில் ஒழுக என் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

என்ன முழுங்கினாள் என்று டாக்டரம்மா கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் குமார் முந்திக்கொண்டார்.

“பேன்சி ஐட்டம் மேடம். மணி. கடையில வச்சி விளையாடிக்கினு இருந்துச்சு.”

டாக்டரம்மா நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். மூச்சு சரியாக இருக்கிறது என்றார். டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். எச்சில் ஒழுகுவதையே கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“மணிதானே? நிச்சயமா தெரியுமா?”

“ஆமா மேடம்” என்றேன்.

எவ்வளவு பெரிய மணி என்று கேட்டார். சுண்டுவிரல் நுனியைக் காட்டினேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை. வெளியே கொஞ்சம் உட்காருங்கள், ஒரு வாய் தண்ணீர் கொடுத்து இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள், அரை மணியில் நானே மறுபடி பார்க்கிறேன் என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். குமார் பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி யாழினியின் வாயில் வைத்தார். உள்ளே போனது அப்படியே வெளியே வந்தது. அவள் முகத்தைச் சுளித்துக் கழுத்தை நீட்டினாள். “அத்தை, எரியுது” என்றாள்.

முழுங்கினது மணி என்றால் எப்படி எரியும்?

அப்பா டிரான்சிஸ்டர் பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்ப்பார். தீர்ந்துவிட்டதா இல்லையா என்று நாக்கு சொல்லிவிடும் என்பார். ஒருநாள் அவர் ஃபாக்டரிக்குப் போயிருந்தபோது நானும் வைத்துப் பார்த்தேன். சுருக்கென்று இழுத்தது. துருப்பிடித்த ஆணியைச் சப்பினது போல ஒரு ருசி. நான் உடனே கையை உதறிவிட்டேன். பிறகு வெகு நேரம் நாக்கைப் பல்லில் தேய்த்துக்கொண்டே திரிந்தேன்.

நான் உதறிவிட முடிந்தது. இவள் தொண்டைக்குள் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.  சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. எழுந்தேன். உள்ளே டாக்டரம்மா வேறு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு போனேன்.

“மேடம், மணி இல்ல. பேட்டரி. லைட் எரியிற கிளிப்புல இருந்தது. எனக்கு முன்னாடியே தெரியும்.”

டாக்டரம்மா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஒரு டாக்டர் அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை. எத்தனை மணிக்கு முழுங்கினாள் என்று மட்டும் கேட்டார். ஒரு மணி நேரம் இருக்கும் என்றேன், அதுவும் குத்துமதிப்பாக. எங்கோ போன் செய்து குழந்தையின் வயதைச் சொன்னார், பேட்டரி என்று சொன்னார், வருகிறார்கள் என்று சொன்னார். சீட்டு எழுதி என் கையில் திணித்தார்.

“எங்கேயும் நிக்காதீங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. இனிமே தண்ணி வேண்டாம். நேரா போங்க.”

இரண்டு வட்டம்

கோயம்பேடு தாண்டிப் போக வேண்டிய பெரிய ஆஸ்பத்திரி. வேலப்பன்சாவடியில் வண்டிகள் நகரவில்லை. குமார் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். மதுரவாயல் வந்தபோது தலையைத் திருப்பாமல் கேட்டார்.

“மணின்னு தானே சொன்ன?”

நான் யாழினியின் வாயைத் துடைத்துவிட்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. என் மடியில் யாழினியின் நெற்றி சூடாக இருந்தது. தூங்கிவிடாமல் இருக்க அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தேன். தூங்கக் கூடாது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. எனக்காகத்தான்.

அங்கே எங்களுக்காகக் காத்திருந்தார்கள். எக்ஸ்ரே எடுத்தவுடன் ஒரு இளம் டாக்டர் திரையில் காட்டினார். எலும்புகளுக்கு நடுவே, கழுத்துக்குக் கொஞ்சம் கீழே, வெள்ளையாக ஒரு வட்டம். காசு என்றால் ஒரே வட்டமாகத் தெரியும், இதில் ஓரத்துக்கு உள்ளே இன்னொரு வட்டம் தெரிகிறது பாருங்கள், இது பேட்டரிதான் என்றார். அது இருக்கிற இடத்தில் உணவுக்குழாயை அரித்துக்கொண்டே இருக்கும், உடனே எடுக்க வேண்டும் என்றார். கையெழுத்து கேட்டார்கள். குமார் தாய்மாமன் என்று எழுதிப் போட்டார். யாழினியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். என் புடவையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

செல்வி கம்பெனியில் கூட வேலை செய்கிறவரின் பைக்கில் வந்து இறங்கினாள். முடியிலும் தோளிலும் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. வராந்தாவில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து இரண்டு தோளையும் பிடித்தாள்.

“இன்னா அண்ணி முழுங்குச்சு? அண்ணன் போன்ல பேன்சின்னு சொல்லுச்சு. பேன்சின்னா இன்னா?”

இத்தனை வருடம் அதையே விற்றுக்கொண்டிருந்தவளிடம் அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. நாக்கு நுனியில் அதே சொல்தான் மறுபடியும் வந்து நின்றது. ஏதோ சின்ன ஐட்டம், பயப்படாதே என்று சொல்லியிருக்கலாம்.

“பேட்டரி செல்வி. மின்னுற பட்டாம்பூச்சி கிளிப்புல இருந்தது. நாந்தான் அவளுக்கு மாட்டிவிட்டேன்.”

அவள் கை என் தோளிலிருந்து இறங்கியது. எதிர்ச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் அதை எடுத்துவிட்டோம் என்று வந்து சொன்னார்கள். சின்ன பாட்டிலில் போட்டுக் காட்டினார்கள். என் பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு பக்கம் கரியாகியிருந்தது. உள்ளே காயம் இருக்கிறது, ஓட்டை விழவில்லை, ஆனால் இன்னும் சில வாரங்கள் கழித்தும் ரத்தம் வரலாம், கவனமாக இருக்க வேண்டும் என்றார்கள். வந்தது போனது என்று நிம்மதியாக மூச்சு விடுவதற்கு வழியில்லாமல் போனது அந்தக் கடைசி வாக்கியத்தால்தான்.

சில வாரங்கள்

யாழினிக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் கொடுத்தார்கள். குரல் கம்மிப்போய், பேசினால் காற்றுதான் வந்தது. செல்வி வேலைக்குப் போகாமல் கூடவே இருந்தாள். நான் தினமும் வார்டு வாசல்வரை போவேன். செல்விக்குச் சோறு கொடுத்தனுப்புவேன். டப்பா காலியாகித் திரும்பி வரும். பேச்சு வராது.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். யாழினி இருமினால் நூம்பலிலிருந்து குமாருக்குப் போன் வரும்.  அவர் எடுத்துக் கேட்டுவிட்டு, ஒண்ணுமில்லை என்று கையசைக்கும்வரை நான் நின்ற இடத்திலேயே நிற்பேன். அடுப்பில் இருப்பது தீயும்.

கடையில் மின்னுகிறது, பாடுகிறது என்று இருந்த எல்லாவற்றையும் கீழே இறக்கினேன். மின்னும் மோதிரம், மின்னும் வளையல், சாவிக்கொத்து, நாய்க்குட்டிப் பொம்மை. ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டு டிவி ரிமோட்டுக்குக்கூட அழுத்திப் பிடித்துத் தள்ளினால்தான் மூடி நகரும். இவற்றில் பாதிக்கு மூடி நகம் பட்டால் விழுந்தது.

சரக்குப் போடுகிறவர் பாரிமுனையிலிருந்து வந்தபோது, இதற்கு ஒரு ஸ்குரூ வைத்து மூடியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர், என்மேல் மரியாதை உள்ளவர். நான் ஏதோ விளையாட்டுக்குக் கேட்பதாக நினைத்துக்கொண்டார்.

“பேன்சிக்கு எதுக்கு அக்கா ஸ்குரூ?” என்றார்.

அவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். மின்னுகிற சரக்கை எல்லாம் ஒரு சாக்கில் கட்டி அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். வேறு கடையில் போடாதீர்கள் என்றேன். சரி என்றார். போட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இன்றும் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் எந்தக் குழந்தையின் தலையிலாவது ஏதாவது மின்னினால் நான் அந்தத் தாயிடம் போய்ப் பேசிவிடுகிறேன். சிலர் கேட்டுக்கொள்கிறார்கள். சிலர் பிள்ளையை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

சொல்லாமல் வைத்திருந்தது

கிளிப்பை மாட்டியது நான் என்று செல்விக்குத் தெரியும். கிளினிக்கில் நடந்தது அவளுக்குத் தெரியாது. குமாருக்குத் தெரியும், அவர் தங்கையிடம் சொல்லவில்லை. என்னிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரு விஷயத்தைத் தொடாமல் சுற்றிச் சுற்றி நடப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்று அப்போது தெரிந்தது.

அடுத்த முறை பரிசோதனைக்குப் போனபோது அந்த இளம் டாக்டரைத் தனியாகப் பிடித்தேன். அரை மணி முன்னால் வந்திருந்தால் காயம் குறைந்திருக்குமா என்று கேட்டேன்.

“குறைஞ்சிருக்கலாம். இதே அளவும் இருந்திருக்கலாம். சொல்ல முடியாதும்மா” என்றார்.

குறைந்திருக்கும் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். குறைந்திருக்காது என்றால் தப்பித்திருப்பேன். சொல்ல முடியாது என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு நூம்பலுக்குப் போனேன்.

யாழினி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். செல்வி சமையலறையில் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் குழந்தைக்குத் தண்ணீராகத்தான் எல்லாம். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னேன்.

“செல்வி, அந்த டாக்டரம்மா மொத தடவ கேட்டப்பவே எனக்குத் தெரியும். பேட்டரி இல்லாத கிளிப்பைப் பாத்துட்டேன். பாத்தும் மணின்னு சொன்னேன்.”

வடிகட்டி அவள் கையில் நின்றது.

“எவ்ளோ நேரம்?”

“பெஞ்சில பத்து நிமிசம். கடையில, வண்டியில எல்லாம் சேத்தா அரை மணி இருக்கும்.”

“ஏன் அண்ணி?”

“பயம். எம் புள்ளைய இப்படிப் பண்ணிட்டியேன்னு நீ கேட்டுடுவியோன்னு.”

அவள் அந்தக் கஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்குப் பயந்துகினு...” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பாத்திரத்தைக் கீழே வைத்தாள், சத்தமில்லாமல், உள்ளே தூங்குகிறவள் எழுந்துவிடாதபடிக்கு.

“நீ ஊட்டுக்குப் போ அண்ணி. இனிமே அண்ணன் மட்டும் வரட்டும்.”

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அழுதிருந்தால் நானும் சேர்ந்து அழுதிருப்பேன். அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். நான் படியிறங்கினேன். சென்னீர்குப்பம் பக்கம் போகிற வேன் ஒன்றில் ஏறிவிட்டு, தப்பான வண்டி என்று தெரிந்தும் கடைசி நிறுத்தம்வரை போய் இறங்கினேன்.

இந்த ஜூன்

பிறகு குமார் சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரியும். உணவுக்குழாய் சுருங்கியிருக்கிறது என்று இரண்டு முறை விரித்துவிட்டார்கள். கஞ்சியிலிருந்து குழைந்த சோறு. சோற்றிலிருந்து இட்லி. ஒருநாள் அவர் வந்து, தோசை தின்னுச்சு என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டார். குரல் திரும்பி வந்தது. பழைய குரல் இல்லை, கொஞ்சம் கரகரப்பு என்றார். நான் அந்தக் குரலைக் கேட்டதில்லை. ஒரு வருடத்துக்கு மேல் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் கடையில் கூட்டம் நெருக்கும். தலையைத் தூக்காமல் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தேன். “கறுப்பு ரிப்பன் ரெண்டு மீட்டர் குடு அண்ணி” என்று ஒரு குரல் கேட்டது.

செல்வி நின்றாள். இளைத்திருந்தாள். யாழினி அவளுக்குப் பின்னால், புது யூனிஃபார்மில், ஒரு சாண் வளர்ந்து. செல்வி அவளைப் படிக்கு வெளியிலேயே நிறுத்திப் பிடித்திருந்தாள். நான் ரிப்பனை அளந்தேன். எனக்கு அளவு தப்பியது. மறுபடி அளந்தேன். செல்வி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். போய்விடுவாள் என்று நினைத்தேன்.

தெருவைப் பார்த்தாள். எதிரே காய்கறி வண்டி நின்றிருந்தது.

“கத்திரிக்கா வாங்கிக்கினு வந்துடறேன். அதுவரைக்கும் பாத்துக்கோ” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

யாழினியின் கையை என் கையில் கொடுத்துவிட்டு அவள் தெருவைக் கடந்தாள். வாடிக்கைக்காரர்கள் அது எங்கே இது எங்கே என்று கேட்டார்கள். எனக்கு யார் குரலும் காதில் ஏறவில்லை. அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையும் விரல்களையும் காலடியையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றேன். வண்டியருகே செல்வி கத்திரிக்காயைப் பொறுக்கி எடுத்தாள். நிதானமாகத்தான் எடுத்தாள். ஒரு முறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

“அத்தை, கை வலிக்குது” என்றாள் யாழினி, அந்தக் கரகரத்த குரலில்.

பிடியைக் கொஞ்சம் தளர்த்தினேன். விடவில்லை.